பிபிசி மைக்ரோவுக்குக் கலர் மானிட்டர்: ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ போர்டு, எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

பிபிசி மைக்ரோ என்ற 1980-களின் கம்ப்யூட்டரை வைத்திருப்பவர்கள், அதன் படத்தை இன்றைய எச்டிஎம்ஐ மானிட்டரில் காட்டும் இந்த போர்டை யோசிக்காமல் வாங்கலாம். அதே காலத்து ஸ்பெக்ட்ரம், கமடோர் 64, அமிகா கம்ப்யூட்டர்கள் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் திருச்சியில் 38 வருடம் டி.வி. மெக்கானிக். டயனோரா, சாலிடேர் காலத்தில் தொழிலுக்கு வந்தவன். 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் தொடங்கியது. அதற்கு வந்த மெஷின், இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி 1981 டிசம்பரில் வெளியிட்ட பிபிசி மைக்ரோ. பிறகு செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் அதையே 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கே செய்தது. அந்த மாதிரி ஒரு மெஷின் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கும் வந்து சேர்ந்தது. கணக்கு வாத்தியார் ஒருவர்தான் அதற்குப் பொறுப்பு. "டி.வி.யில படமே வரல தம்பி, கொஞ்சம் வந்து பாருங்க" என்று 1986-ல் ஆள் அனுப்பினார்.

போய்ப் பார்த்தால் டி.வி.யில் ஒரு கோளாறும் இல்லை. அது கறுப்பு வெள்ளை செட், உள்ளே வி.எச்.எஃப். டியூனர் மட்டும்தான். கம்ப்யூட்டரின் ஆண்டெனா சாக்கெட்டில் வருவதோ யு.எச்.எஃப்., 36-ஆம் சேனல். எவ்வளவு திருகினாலும் வராது. கம்ப்யூட்டரின் பின்புறம் பி.என்.சி. சாக்கெட்டில் நேரடி வீடியோ சிக்னல் இருந்தது. அதை டி.வி.யின் வீடியோ பகுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சேசிஸ் லைவ் ஆக, அதாவது டி.வி.யின் உள் சட்டத்திலேயே மெயின் கரண்ட் இருந்ததால், ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரைப் போட்ட பிறகுதான் வயரைத் தொட்டேன். படம் வந்தது. மூன்று வருடம் அந்தப் பிள்ளைகள் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில்தான் படித்தார்கள். அந்த மெஷினுக்கு எட்டுக் கலர் உண்டு என்று புத்தகத்தில் போட்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

பள்ளி அந்தச் சாமான்களைக் கழித்து ஏலம் விட்டபோது வாத்தியார் ஒரு மெஷினை வாங்கி வீட்டுப் பரணில் வைத்திருந்தார். போன வருடம் அதை ஆட்டோவில் ஏற்றி என் கடைக்கு அனுப்பிவைத்தார். பவர் சப்ளையில் இருந்த இரண்டு ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் மேல்தோல் வெடித்துக் கிடந்தன. அவற்றை மாற்றாமல் பிளக்கைச் சொருகினால் பத்து நிமிடத்தில் கடை முழுக்கப் புகை. எனவே முதல் வேலையாக அவற்றை எடுத்துவிட்டுப் புதியது போட்டேன். ஆன் செய்ததும் நீளமாக ஒரு தாழ்ந்த ஒலி, அடுத்து ஒரு சின்ன 'பீப்'. அந்த இரண்டாவது ஒலி கேட்டால் மெஷின் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

இனிப் படம். பின்புறம் மூன்று வழி இருக்கிறது: ஆண்டெனா, பி.என்.சி., ஆறு பின் உள்ள வட்டமான ஆர்ஜிபி சாக்கெட். முதல் வழியை விடுங்கள். இரண்டாவது காம்போசிட். இதில் கம்பெனியிலிருந்து வரும்போதே கறுப்பு வெள்ளைதான். உள்ளே எஸ்39 என்ற இணைப்பைச் சேர்த்தால் கலர் வரும். சேர்த்தேன். சந்தையில் எங்கும் கிடைக்கிற, உள்ளங்கையளவு ஏ.வி.-டு-எச்டிஎம்ஐ பெட்டி ஒன்றை வாங்கி எல்.இ.டி. டி.வி.யில் போட்டேன். கலர் வந்தது; எழுத்து போனது. ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் புள்ளிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. 80 எழுத்து வரிசையில் ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியவில்லை.

இது அந்தப் பெட்டியின் தவறு மட்டும் இல்லை. காம்போசிட்டில் வெளிச்சமும் கலரும் ஒரே கம்பியில் போகின்றன. நம் டி.வி.க்களின் பால் (PAL) முறையில் கலர் 4.43 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும். பிபிசி மைக்ரோவின் 80 எழுத்துத் திரையில் புள்ளிகள் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. ஒரு எழுத்தின் மெல்லிய கோடு எது, கலர் எது என்று டிகோடருக்குப் பிரித்துச் சொல்லவே முடியாது. கோட்டைக் கலர் என்று நினைத்து வானவில் பூசிவிடும். இதற்கு மேல் மலிவுப் பெட்டிகள் படத்தை இன்டர்லேஸ், அதாவது ஒன்று விட்டு ஒரு வரியாக இரண்டு பாதியில் வருவது, என்று எடுத்துக்கொண்டு இரண்டு பாதியாகக் கோத்து, 50 ஹெர்ட்ஸை 60 ஆக்கி, கடைசியில் நீட்டி இழுத்துக் கொடுக்கின்றன. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் கரைகிறது.

ஆகவே ஆறு பின் சாக்கெட்தான் சரியான வாசல். அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பி. நான்காவது சிங்க் (வரியும் படமும் எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் சிக்னல்), ஐந்தாவது கிரவுண்ட், ஆறாவது 5 வோல்ட். இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். இது டி.வி. ஆர்ஜிபி இல்லை, டி.டி.எல். ஆர்ஜிபி. டி.வி.க்குப் போகிற ஆர்ஜிபி 0-விலிருந்து 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும். நடுவில் எத்தனை சாயல் வேண்டுமானாலும் இருக்கலாம். டி.டி.எல்.-ல் ஆன் அல்லது ஆஃப், அவ்வளவுதான். மூன்று கம்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு நிலை, மொத்தம் எட்டுக் கலர். பிரிட்டிஷ் பள்ளிகளில் இதற்கென்றே பிராட்ஃபோர்டில் தயாரான மைக்ரோவிடெக் கப் மானிட்டர் இருந்தது. இரும்புப் பெட்டி, நேர் கேபிள், வேறு எதுவும் வேண்டாம். நமக்கு அது கிடைக்காது. கிடைத்தாலும் கப்பலில் வருவதற்குள் பிக்சர் டியூப் கழுத்து உடைந்திருக்கும்.

பெங்களூரில் இருக்கும் நண்பரிடம் ஓ.எஸ்.எஸ்.சி. என்ற ஸ்கேன் கன்வர்டரை (பழைய வீடியோ சிக்னலைப் புதிய திரைக்கு ஏற்ப மாற்றும் பெட்டி) ஒரு வாரம் கடன் வாங்கினேன். பின்லாந்துக்காரர் மார்கஸ் ஹீன்கரி வடிவமைத்தது, நல்ல சாமான். படத்தை எங்கேயும் சேமித்து வைக்காமல் வரி வரியாகப் பெருக்கி அனுப்புவதால் தாமதமே கிடையாது. ஆனால் அது எதிர்பார்ப்பது 0.7 வோல்ட் ஆர்ஜிபி. ஒவ்வொரு நிறக் கம்பியிலும் 330 ஓம் ரெசிஸ்டர் போட்டு அடக்கினேன், படம் வந்தது, நன்றாகவும் இருந்தது. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. மெஷின் 'ஆன்' என்று சொல்கிறது. நான் அதை ரெசிஸ்டரில் தேய்த்து 0.72 வோல்ட் ஆக்குகிறேன். கன்வர்டர் அதை அளந்து 'கிட்டத்தட்ட முழுச் சிவப்பு' என்கிறது. ஆம் இல்லை என்ற பதிலை எதற்கு ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும்?

ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ போர்டை எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். அது அளப்பதே இல்லை, கேட்டு எழுதிக்கொள்கிறது. டேவிட் பேங்க்ஸ், இயன் பிராட்பரி முதலானோர் உருவாக்கிய, பிபிசி மைக்ரோவுக்காகவே தொடங்கிய திட்டம் இது. வரைபடம், மென்பொருள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. ராஸ்பெரி பை ஜீரோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று, அதன் தலையில் ஒரு சின்ன போர்டு. அந்தப் போர்டில் சைலிங்க்ஸ் கம்பெனியின் சி.பி.எல்.டி. சிப் (வேண்டியபடி அமைத்துக்கொள்ளும் லாஜிக் சிப்) ஒன்று. சி.பி.எல்.டி. வினாடிக்கு 9.6 கோடி முறை மூன்று கம்பிகளையும் பார்க்கிறது. அதாவது 16 மெகாஹெர்ட்ஸ் புள்ளி ஒன்றுக்கு ஆறு முறை. அந்த ஆறில் எந்த இடத்தில் சிக்னல் நிலையாக நிற்கிறது என்று பார்த்து, அந்த ஒரு இடத்தில் மட்டும் மதிப்பை எடுக்கிறது. ஆன் என்றால் ஆன். பை ஜீரோ அதை அப்படியே திரையில் வைக்கிறது. லினக்ஸ் எதுவும் இல்லாமல் நேரே ஓடுவதால் ஆன் செய்த சில வினாடிகளில் படம் வந்துவிடுகிறது.

விலையைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து போர்டு, இங்கே வாங்கிய பை ஜீரோ, மெமரி கார்டு, கேபிள், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து எனக்கு ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது. கரண்ட் பழைய செல்போன் சார்ஜரிலேயே ஓடுகிறது.

கேபிள்தான் படுத்திவிட்டது. ஐந்து பின் டின் (DIN) பிளக் எந்த ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். நடுவிலும் ஒரு பின் உள்ள இந்த ஆறு பின் பிளக் திருச்சியில் இல்லை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். கடைசியில் ஆன்லைனில் செய்து கொடுக்கும் ஒருவரிடம் தயார் கேபிளாகவே வாங்கினேன். போட்டேன், படம் சும்மா கண்ணாடி மாதிரி வந்தது. வெள்ளை எழுத்து, கறுப்புத் தரை. சந்தோஷத்தில் ஒரு மணி நேரம் எதையும் கவனிக்கவில்லை. பிறகு மோட் 2-க்குப் போய் (மோட் என்பது இந்த மெஷினின் திரை வகை; எழுத்தின் அளவும் கலர் எண்ணிக்கையும் அதைப் பொறுத்தவை), கலர் எண் 1 முதல் 7 வரை ஒவ்வொன்றாக அச்சடிக்கச் சொன்னேன். 1 சிவப்பாக வர வேண்டும், நீலமாக வந்தது. 2 பச்சை, சரி. 3 மஞ்சளுக்குப் பதில் வெளிர்நீலம். 4 நீலத்துக்குப் பதில் சிவப்பு. 5 ஊதா சரி, 7 வெள்ளை சரி. பச்சையும் ஊதாவும் வெள்ளையும் சரியாக இருந்து மற்றதெல்லாம் இடம் மாறினால், சிவப்புக் கம்பியும் நீலக் கம்பியும் மாறிக் கிடக்கின்றன என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், அதேதான். இரண்டு சால்டர், ஐந்து நிமிட வேலை. யார் கேபிள் வாங்கினாலும் இந்த ஏழு கலர் சோதனையை முதலில் செய்யுங்கள். வெள்ளை எழுத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

போர்டில் மூன்று பட்டன்கள். மெனு ஆழமானது, முதல் நாள் தலை சுற்றும். ஆனால் பிபிசி மைக்ரோவுக்கு நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே வேலை. பிபிசிக்கு உரிய புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். திரை முழுக்க எழுத்தை நிரப்பி வைத்துக்கொண்டு ஆட்டோ காலிப்ரேஷன் பட்டனை அழுத்துங்கள். நான் சொன்ன அந்த ஆறு இடங்களிலும் மாறி மாறிப் படமெடுத்துப் பார்த்து, எதில் பிழை குறைவோ அதைத் தானே பிடித்துக்கொள்ளும். மோட் 7-க்கு இதைத் தனியாக இன்னொரு முறை செய்ய வேண்டும். காரணம் இருக்கிறது: மோட் 7 எழுத்தை வரைவது வேறு சிப், எஸ்.ஏ.ஏ.5050 என்ற டெலிடெக்ஸ்ட் சிப், டி.வி.யில் எழுத்துப் பக்கங்களைக் காட்டுவதற்கென்று செய்தது. அதன் புள்ளி 12 மெகாஹெர்ட்ஸ். மெஷின் மோட் 7-க்குள் போனதையும் வெளியே வந்ததையும் போர்டு தானே கண்டுபிடித்து மாறிக்கொள்கிறது. மெஷினை ஆன் செய்ததும் வருகிற முதல் திரையே மோட் 7 என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

மோட் 7 இன்டர்லேஸ். எழுத்தின் சாய்ந்த கோடுகளை வழவழப்பாக்க அந்தச் சிப் இரண்டு பாதிப் படங்களில் வேறு வேறு புள்ளி வைக்கிறது. மற்ற மோடுகளில் 'டி.வி.' கட்டளை கொடுத்து இன்டர்லேஸை நிறுத்தலாம், மோட் 7-ல் அது பலிக்காது. ஓ.எஸ்.எஸ்.சி.யில் இந்தத் திரை இலேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. இந்த போர்டில் அசையாத எழுத்து அசையாமல் நிற்கிறது, அசையும் இடம் மட்டும் தனியாகக் கவனிக்கப்படுகிறது. டீஇன்டர்லேஸ் அமைப்பை மெனுவில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம்; நான் மோஷன் வகையில் விட்டிருக்கிறேன்.

எந்த மானிட்டர் என்பது அடுத்த கேள்வி. 43 அங்குல டி.வி. வேண்டாம். ஆபீஸ்களில் கழித்துக் கட்டுகிற 17, 19 அங்குல சதுர எல்.சி.டி. மானிட்டர் இருக்கிறதே, 1280-க்கு 1024, அதை வாங்குங்கள். பிபிசி மைக்ரோவின் திரை 640-க்கு 256. அகலத்தில் இரண்டு மடங்கு 1280, உயரத்தில் நான்கு மடங்கு 1024. மிச்சம் மீதி இல்லாமல் கச்சிதமாக உட்காருகிறது! ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவு, எங்கும் மங்கல் இல்லை. படத்தின் அகல உயர விகிதம் அசலிலிருந்து ஒரு இழை மாறித் தெரியும், எனக்கு அது உறுத்தவில்லை. மோட் 7 மட்டும் 480-க்கு 500 என்பதால் பக்கவாட்டில் கறுப்பு ஓரம் விழும்.

ஒன்றைச் சோதித்துவிட்டு வாங்குங்கள்: அந்த மானிட்டர் 50 ஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்கிறதா என்று. நான் இரண்டு வாங்கினேன். ஒன்று உடனே படம் காட்டியது. இன்னொன்று 'ரேஞ்சுக்கு வெளியே' என்று பெட்டி போட்டு இருண்டுவிட்டது. இரண்டாவதை 60 ஹெர்ட்ஸில் ஓட்டலாம், ஆனால் எழுத்து மேலே நகரும்போது அடிக்கடி ஒரு தடுக்கல் தெரியும். 50-ஐ ஏற்கும் மானிட்டரில் ஜென்லாக் அமைப்பைப் போட்டால் பை ஜீரோ தன் கடிகாரத்தைக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தோடு சேர்த்துக்கொள்கிறது, தடுக்கலே இல்லை.

பிக்சர் டியூப் இல்லாமல் மனம் ஆறாதவர்களுக்கு ஒரு சொல். நான் ஒரு 14 அங்குலக் கலர் டி.வி.யில், ரிமோட்டை அழுத்தினால் திரையில் சேனல் எண் வருமே, அந்த எண்ணைச் சேர்க்கிற ஆர்ஜிபி வழியில் பிபிசி மைக்ரோவைச் சேர்த்துப் பார்த்தேன். மோட் 7 அங்கேதான் தன் சொந்த வீட்டில் இருக்கிறது, எந்த எல்.சி.டி.யும் அந்த மினுமினுப்புக்கு இணை இல்லை. ஆனால் உள்ளே 20 கிலோவோல்ட்டுக்கு மேல் நிற்கிறது, சேசிஸின் ஒரு பாதி மெயின் லைனோடு சேர்ந்தது. தொழில் தெரியாதவர்கள் தயவுசெய்து பின்மூடியைத் திறக்கவே வேண்டாம்.

மற்ற மெஷின்களுக்கு வருகிறேன். 48கே ஸ்பெக்ட்ரத்தில், நம் ஊரில் டெசிபெல்ஸ் என்ற பெயரில் வந்ததிலும் கூட, ஆர்ஜிபி வாசலே இல்லை. ஆண்டெனா சிக்னல்தான். வீடியோவை ஆண்டெனா சிக்னலாக்கும் மாடுலேட்டரைத் தாண்டி காம்போசிட் எடுத்து, ஏ.வி. உள்ள பழைய டி.வி.யில் போடுவதே மேல். 128 மாடலில் ஆர்ஜிபி உண்டு, அதற்கு இந்த போர்டு பொருந்தும். கமடோர் 64-ன் விக்-II சிப் கலரையும் வெளிச்சத்தையும் தனித்தனியாகத் தருகிறது, ஆர்ஜிபி கிடையாது. அதற்கு, அந்த இரண்டையும் தனித்தனியாகவே வாங்கிக்கொள்ளும் எஸ்-வீடியோ உள்ள டி.வி.தான் தோழன், கலர் கம்பியில் 330 ஓம் போட்டால் கலர் பொங்கி வழியாது. அமிகா 500-ல் இருப்பது அனலாக் ஆர்ஜிபி, 4096 கலர். அதற்கு ஓ.எஸ்.எஸ்.சி. போதும். இல்லையென்றால் இதே பை ஜீரோவை அமிகாவின் உள்ளேயே, படத்தை உருவாக்கும் டெனிஸ் சிப்பின் சாக்கெட்டில் உட்கார வைக்கிற போர்டு ஒன்று இருக்கிறது. கலர் அனலாக் ஆவதற்கு முன்பே, 12 பிட் எண்ணாக இருக்கும்போதே பிடித்துக்கொள்கிறது. நான் இன்னும் வாங்கவில்லை, அமிகா கையில் வந்தால் அதைத்தான் வாங்குவேன்.

எல்லாம் சரியான பிறகு வாத்தியாரைக் கடைக்கு வரச் சொன்னேன். 78 வயது. ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தார். அதில் 1987-ல் அவர் எழுதிய புரோகிராம். பிபிசி மைக்ரோவில் தமிழ் எழுத்து கிடையாது. ஆனால் 224 முதல் 255 வரையிலான எண்களில் நாமே எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் எழுத்து வரைந்துகொள்ளலாம், ஒரு கட்டத்துக்கு எட்டு எண். 'தமிழ்' என்று எழுத அகலத்தில் ஆறு கட்டம், உயரத்தில் இரண்டு. 12 கட்டம், 96 எண்கள். ஒரு விரலால் 96-ஐயும் அடித்தார். நான் நோட்டைப் பார்த்து வாசித்துக் கொடுத்தேன். மோட் 1 (இதில் கலர் எண்கள் மோட் 2-ல் உள்ளவை போல இல்லை), சிவப்புத் தரை, மஞ்சள் எழுத்து.

ரன் கொடுத்ததும் திரை சிவந்தது.

"இந்தக் கலருதானா தம்பி இது?" என்றார். "மேனுவல்ல 1 சிவப்பு, 2 மஞ்சள்னு போட்டிருந்துச்சு. அத நம்பித்தான் எழுதுனேன். அங்க ரெண்டும் சாம்பலாத்தான் தெரிஞ்சுது."

"இதுதான் சார். நீங்க போட்டது போட்டபடி இருக்கு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து மானிட்டருக்கு அருகில் போய், 'ழ'வின் சுழிமேல் விரலை வைத்தார். "இங்க ஒரு வரி இடது பக்கம் தள்ளி நிக்குது பாருங்க. அந்த டி.வி.யில இது தெரியவே இல்ல." புள்ளிகளை எண்ணினார். நோட்டைத் திருப்பி, 11-ஆம் கட்டத்தில் ஆறாவது எண்ணைக் கண்டுபிடித்தார். 48 என்று இருந்தது. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 24 என்று எழுதினார். திரையிலும் மாற்றி மறுபடி ரன் கொடுத்தார். சுழி சேர்ந்தது. என்னிடம் தேதி கேட்டு, அதையும் அந்த 24-க்குக் கீழே எழுதிக்கொண்டார்.